அமுதவல்லி விட்ட மூச்சு

காலையில் ஜோஸ்பின் பள்ளிக்குக் கிளம்பித் தலை வாரிக்கொண்டிருக்கும்போதே அந்தக் குரல் தெருவுக்குள் வந்துவிடும். “வெங்காயம், பெரிய வெங்காயம், வீட்டு வாசலுக்கே வந்திருக்கு, வாங்கம்மா, வாங்கக்கா” என்று ஆட்டோவின் தலையில் கட்டிய ஒலிபெருக்கி கூப்பிடும். ஓட்டி வருகிறவன் வாயில் பாக்கை அடக்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பான். அது தெருமுனை தாண்டுவதற்குள் உப்பு ஆட்டோ வரும், அதிலும் அதே குரல். தலைமுடிக்குப் பாத்திரம் தருகிற வண்டியிலும் அதே குரல். ஊரில் யாராவது இறந்துபோனால், அடக்கம் எத்தனை மணிக்கு என்று சொல்லிக்கொண்டு சுற்றுகிற வண்டியிலும் அதே குரல்தான், கொஞ்சம் தழுதழுப்போடு. தருமபுரி பக்கத்தில் சக்கரத்தில் ஏறி வருகிற பெண் குரல் ஏறக்குறைய எல்லாமே அமுதவல்லி என்ற ஒருத்தியுடையது.

ஜோஸ்பின் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவாள். சனிக்கிழமை என்றால், அவள் சாத்திய ஜன்னலை அவள் கணவர் அருள்நாதன் வந்து திறப்பார். திறந்து வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்பார். பூசையில்கூட அவர் அப்படிக் கண்ணை மூடி அவள் பார்த்ததில்லை. பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரியும்.

அருள்நாதன் ஓசூர் பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியர். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போனால் வெள்ளிக்கிழமை சாயந்திரம்தான் காரிமங்கலத்தில் வந்து இறங்குவார். இதுவரை ஊருக்கு விளங்கும். அவர் போடுகிற இசை என்னவென்றுதான் யாருக்கும் பிடிபடவில்லை. அதில் பாட்டு கிடையாது, ராகம் கிடையாது, தாளம் எங்காவது தப்பித்தவறி வந்தால் அவரே எடுத்துவிடுவார்.

மானாவாரியில் கேழ்வரகும் கொள்ளும் விதைத்துப் பிழைத்த கத்தோலிக்கக் குடும்பம் அவருடையது. சின்ன வயதில் கோயில் பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசித்தார். திருச்சியில் படித்தார். பிறகு உதவித்தொகை கிடைத்து ஜெர்மனிக்குப் போனபோது, பையன் ஆர்கன் கற்றுக்கொண்டு வந்து நம் கோயிலில் வாசிப்பான் என்று பங்குக்கோயில் சனம் மொத்தமும் காத்திருந்தது. திரும்பி வந்தவர் கிணற்று மோட்டாருக்கு எதிரில் மைக்கை நட்டு உட்கார்ந்தார். ஜோஸ்பினைக் கட்டிக்கொடுத்த சமயத்தில், மாப்பிள்ளை மின்சார வாரியத்தில் வேலை பார்க்கிறார் என்றே அவளுடைய சித்தப்பா நினைத்துக்கொண்டிருந்தார்.

தொப்பூர் கணவாயில் லாரிகள் பிரேக் பிடித்து இறங்குகிற சத்தத்தைப் பதிவு செய்ய ஒருமுறை போனார். கறுப்புக் கண்ணாடியும் கையில் கருவியுமாகப் பாறைமேல் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஆள் என்று டிரைவர்கள் முடிவுகட்டி, அன்றைக்கு முழுக்க ஒருத்தர் விடாமல் கியரில் மெல்ல இறங்கினார்கள். பாதையே பூனை நடந்த மாதிரி ஆகிவிட்டது. வேண்டிய சத்தம் கிடைக்காமல் திரும்பி வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

பங்குத் திருவிழாவுக்கு இசை கேட்டார் ஃபாதர். மணி ஓசைகளுக்கு நடுவே நீண்ட மௌனம் வைத்து ஒன்று செய்து கொடுத்தார். மௌனம் வந்ததும் ஆம்ப்ளிஃபயர் போய்விட்டது என்று மைக்செட்காரர் பதறி, கையில் கிடைத்த பென் டிரைவைச் செருகி மாதா பாட்டைப் போட்டுவிட்டார். சனம் எழுந்து நின்று கூடவே பாடியது. முடிந்ததும், மொத்தத்தில் அந்த நடுப்பாகம்தான் ரொம்ப நல்லா இருந்தது என்று அவரிடமே வந்து கையைப் பிடித்துச் சொன்னார்கள். அன்றைக்கு அவருக்காக அழுத ஒரே ஆள் ஜோஸ்பின்.

அவள் அரசு தொடக்கப்பள்ளி ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பைபிளிலிருந்து முதல் வாசகம் வாசிப்பவள். அவள் வாசிக்கும்போது பின்வரிசையில் கைக்குழந்தைகூடச் சிணுங்குவதில்லை என்று பெயர். இந்தக் குரலை ஒருநாள் இவர் மைக்கில் எடுப்பார் என்று கல்யாணமான புதிதிலிருந்தே அவள் காத்திருந்தாள். அவர் எல்லாவற்றையும் எடுத்தார். இட்லிப் பானை மூடியை எடுத்தார். காற்றில் சின்டெக்ஸ் தொட்டி முனகுவதை எடுத்தார். புளியம்பழம் தட்டுவதை எடுத்தார். அவளுடைய தையல் மிஷினை எடுத்தபோது அவளையே மிதிக்கச் சொன்னார். அவள் ஆசையோடு உட்கார்ந்தாள். “கொஞ்சம் மூச்ச அடக்கிக்கம்மா, மைக்குல விழுவுது” என்றார்.

மாட்டுக்கொட்டகையைத்தான் முட்டை அட்டை ஒட்டி ஸ்டுடியோ ஆக்கியிருந்தார். ஒரு மழையில் இடி இறங்கிக் கம்ப்யூட்டர் கருகி, பல வருஷத்து வேலை போனதிலிருந்து, வாராவாரம் எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிவைப்பது ஜோஸ்பினின் பொறுப்பு. அதில் பம்புசெட்டுக்கு ஓர் இடம் இருந்தது. கல்குவாரிக்கு, தொப்பூருக்கு, சின்டெக்ஸுக்கு எல்லாம் இடம் இருந்தது. இந்த வருஷம் புதிதாக அமுதவல்லி வந்து சேர்ந்தாள். மற்ற எல்லாவற்றையும்விட அவளுக்குத்தான் அதிக இடம்.

அமுதவல்லி ஒரு நாள் வீட்டுக்கே வந்தாள். புருஷன் மாரப்பனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, சால்வையால் கழுத்தை மூடிக்கொண்டு வந்தாள். தொண்டைதான் சோறு போடுகிறது என்றாள். நேரில் பேசும்போது அந்தக் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஜோஸ்பினுக்கு அதில் கொஞ்சம் நிம்மதி.

“நகைக்கடை, ஜவுளிக்கடை, பால் கம்பெனி, எல்லாம் நான்தாங்க டீச்சர். எலக்சன் வந்தா மூணு கட்சிக்கும் நானேதான் ஓட்டு கேக்கறன்” என்றாள்.

“அப்ப ஓட்டு யாருக்குப் போடுவீங்க?”

“ஆரு கடைசியா எங்கூலியக் குடுத்து முடிச்சாங்களோ, அவங்களுக்குப் போடமாட்டங்க.”

ஜோஸ்பின் சிரித்துவிட்டாள். சிரித்ததற்காகப் பிறகு தன்மேலேயே கோபப்பட்டாள். ஏனென்றால் அவரும் அமுதவல்லியும் உள்ளே போன கொட்டகைக் கதவு சாத்தியது சாத்தியபடி வெகுநேரம் இருந்தது. மாரப்பன் வேப்பமரத்தடியில் செல்போன் பார்த்துக்கொண்டு கவலையில்லாமல் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு இல்லாத எரிச்சல் உனக்கெதற்கு என்று மனசைக் கேட்டாள்.

மறுநாள் அவர் குளிக்கப் போயிருந்தபோது கொட்டகைக்குள் போய் ஹெட்போனை எடுத்து மாட்டினாள். வெங்காயம் வரும், உப்பு வரும் என்று நினைத்தாள். ஒரு சொல்கூட வரவில்லை. ஒரு பெண் மூச்சு வாங்கினாள். விட்டாள். திரும்ப வாங்கினாள். காதுக்குள்ளேயே, தலையணையில் பக்கத்தில் படுத்திருப்பவள்போல. ஜோஸ்பின் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் கேட்டுவிட்டாள். அவர் ஒளிக்கவில்லை, மாணவர்களுக்குச் சொல்கிற உற்சாகத்தோடு விளக்கினார். தருமபுரியில் கிருஷ்ணப்பன் ஸ்டுடியோவில் அமுதவல்லி பேசியதைப் பதிவு செய்தபின், சொற்களுக்கு நடுவே வருகிற மூச்சுகளையெல்லாம் வெட்டி எறிந்துவிடுகிறார்களாம். ஆட்டோவில் போவது மூச்சே இல்லாத பேச்சு. அந்த எறிந்த மூச்சுகளை மட்டும் கோத்து அவர் ஒரு பெரிய படைப்பு செய்கிறாராம். விற்கிற சாமான், செத்தவர் பெயர், கட்சியின் சின்னம் எல்லாம் போய், அந்தப் பெண் மட்டும் மிஞ்சுகிற இடம் அதுதானாம்.

“நானுந்தான் மூச்சு விடறன்” என்றாள் ஜோஸ்பின்.

அவர் ரசத்தை உறிஞ்சிக்கொண்டே சிரித்தார். “உன்னுது வேறம்மா. பழகின மூச்சு. கேட்டா எனக்குத் தூக்கம்தான் வரும்.”

அவர் அதை அன்பாகத்தான் சொன்னார். அதுதான் அவளுக்கு ஆறவில்லை. அதற்குப் பிறகு வெங்காய ஆட்டோ வந்தால் அவள் ஜன்னலைச் சாத்துவதோடு நிற்காமல், வெங்காயமே அந்த வண்டியில் வாங்குவதை விட்டு, சந்தையிலிருந்து சுமந்து வந்தாள். வகுப்பில் ஒரு பெண் குழந்தை அந்த ஆட்டோவைப்போல ராகம் போட்டு வாய்ப்பாடு சொன்னபோது, காரணம் சொல்லாமல் உட்காரச் சொன்னாள். மகள் கோயம்புத்தூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்ததால் இதையெல்லாம் கொட்டித் தீர்க்க வீட்டில் ஆளும் இல்லை.

அரங்கேற்றம் தருமபுரியில் ஒரு கல்யாண மண்டபத்தில், சனிக்கிழமை காலையில் என்று முடிவாயிற்று. அதற்கு முந்தைய புதன்கிழமை ஓசூரிலிருந்து அவர் பதற்றமாக ஃபோன் செய்தார். லேப்டாப்பில் ஒரு பதிவு கெட்டுப்போய்த் திறக்கவில்லை. முடிவுக்கு அதைத்தான் வைத்திருந்தார். அமுதவல்லியின் உப்பு விளம்பரம், கிருஷ்ணப்பன் ஸ்டுடியோவில் கடைசியாக எடுத்தது. ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும், உடனே அனுப்பு என்றார்.

இருந்தது. ஜோஸ்பின் அதைக் கண்டுபிடித்து, திறந்து கேட்கவும் கேட்டாள். அனுப்புவதற்குக் கை போகவில்லை. எதிரே மைக் நின்றுகொண்டிருந்தது.

என்ன செய்கிறோம் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தே இருந்தது. கொலுசைக் கழற்றி வைத்தாள், கதவைச் சாத்தினாள், மைக்கின் முன் உட்கார்ந்து, “உப்பு, கல்லுப்பு, தூள் உப்பு, வாங்கம்மா, வாங்கக்கா” என்று ஆரம்பித்தாள். பைபிளைத் தவிர வேறு எதையும் உரக்க வாசித்துப் பழகாத வாய்க்கு உப்பு விற்க வெட்கமாக இருந்தது. இரண்டாவது தடவை வெட்கம் போய்க் கோபம் வந்தது. மூன்றாவது தடவை பாதி உப்பிலேயே சொல் நின்றுவிட்டது. மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. பிறகு அவர் செய்வதைப் பின்னால் நின்று பார்த்துப் பழகியபடியே, சொற்களை ஒவ்வொன்றாக வெட்டி எறிந்தாள்.

அமுதவல்லியின் பெயரிலேயே அதை அனுப்பினாள். அனுப்பிவிட்டு, தவிப்போடு கொட்டகைக்கும் சமையலறைக்கும் மாறி மாறி நடந்தாள். ஈ பறந்தால்கூட எந்தச் சுவரிலிருந்து எந்தச் சுவருக்கு என்று சொல்லுகிற காது அவருடையது. இதைக் கேட்டதும், “ஏய், இது நீதானே” என்று அவர் சொல்லிவிட்டால் போதும். திட்டினாலும் பரவாயில்லை. அமுதவல்லி, சின்டெக்ஸ், தொப்பூர் எல்லாரையும் அவள் மன்னித்துவிடுவாள். சொல்லாவிட்டால், இத்தனை வருஷம் அவர் பக்கத்தில் படுத்திருந்தது யார்?

ஃபோன் வந்தது.

“ஜோஸ்பின், நான் இத எப்படி ஒழுங்காக் கேக்காம விட்டன்?” என்றார். அவர் குரல் கரகரத்திருந்தது. அவள் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். “அந்தம்மாகிட்ட எடுத்ததுலயே இதுதான் உசுரு. மத்ததெல்லாம் இதுக்கு முன்னாடி ஒண்ணுமில்ல. அமுதவல்லிகிட்ட இப்படி ஒரு மூச்சு இருக்கறது அமுதவல்லிக்கே தெரிஞ்சிருக்காது.”

“இருக்காது” என்றாள் ஜோஸ்பின்.

யார்மேல் பொறாமைப்படுவது என்றே இப்போது அவளுக்குத் தெரியவில்லை. அவளுடைய மூச்சே இன்னொருத்தியின் புடவையைக் கட்டிக்கொண்டு போய் அவரை மயக்கிவிட்டது. வியாழன் ஃபோனிலும் வெள்ளி நேரிலும் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். கேட்டுக் கண்டுபிடிக்காத ஆளிடம் சொல்லிக் கண்டுபிடிக்க வைப்பதில் என்ன இருக்கிறது என்று அடக்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை மண்டபத்தில் முன்வரிசையில் அமுதவல்லிக்குப் பக்கத்து நாற்காலி ஜோஸ்பினுக்கு. அமுதவல்லி பச்சைப் பட்டில் வந்திருந்தாள். பின்னால் மாணவர்கள், ஓசூர்ப் பேராசிரியர்கள், ஃபாதர், கிருஷ்ணப்பன், ஊரிலிருந்து வேன் பிடித்து வந்த சனம். விளக்கைக் குறைத்ததும் எல்லாப் பக்கத்திலிருந்தும் மூச்சு வர ஆரம்பித்தது. ஊர்க்காரர்கள் முதலில் இருமினார்கள். யாருக்கோ ஆஸ்துமா என்று ஒருவர் தண்ணீர் பாட்டிலோடு எழுந்தார். அப்புறம் மெல்ல மெல்ல மண்டபம் அடங்கியது. அருள்நாதன் செய்ததிலேயே அது நல்ல வேலை என்பது ஜோஸ்பினுக்கே தெரிந்தது. அதனால் இன்னும் எரிந்தது. அமுதவல்லி தலையை ஆட்டிக்கொண்டு, இது வெங்காயம், இது நகைக்கடை, இது பால் என்று தனக்குள் அடையாளம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

முடிவு வந்தது. அமுதவல்லியின் தலை நின்றது. ஜோஸ்பின் மடியில் கையைக் கோத்துக்கொண்டு நேரே பார்த்தாள். பின்வரிசையில் எவளோ விசும்புவது கேட்டது.

கைதட்டல் ஓய்ந்ததும் அருள்நாதன் மேடையேறி, இந்தக் கடைசி மூச்சுக்காகவே தன் வாழ்நாள் வேலை எல்லாம் நடந்தது என்று தோன்றுவதாகச் சொன்னார். அமுதவல்லியை மேலே அழைத்துச் சால்வை போட்டார். மைக்கை அவள் கையில் கொடுத்தார்.

அமுதவல்லி மைக்கைப் பிடித்த விதமே தொழிலைச் சொன்னது. “சார் மேல எனக்கு நெறைய மரியாதை இருக்குதுங்க” என்றாள். “ஆனா கடைசியில வந்துச்சே, அது என் மூச்சு இல்லீங்க. நான் அப்படி மூக்குல இழுத்து உடமாட்டங்க. உட்டா எனக்கு ஆரு வேல குடுப்பாங்க?”

சபை சிரித்தது. அருள்நாதனும் சிரித்தார். கிருஷ்ணப்பனைப் பார்த்தார், மாணவர்களைப் பார்த்தார், ஃபாதரைப் பார்த்தார். முன்வரிசையில் காலி நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளைத் தவிர எல்லாரையும் பார்த்தார். பிறகு மைக்கை வாங்கி, “தன்னுடைய மூச்சைத் தானே அறியாமல்தான் மனிதன் வாழ்கிறான். இந்தப் படைப்பு சொல்ல வந்ததை அமுதவல்லி அவர்களே அழகாகச் சொல்லிவிட்டார்” என்றார். முன்னைவிடப் பலமாகக் கைதட்டினார்கள். ஜோஸ்பினும் தட்டினாள், உள்ளங்கை எரிகிற மாதிரி.

சாப்பிட்டுவிட்டுக் காரில் திரும்பினார்கள். ஊரைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறும்வரை அவர் ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டு வந்தார்.

“நீ எந்த ஃபைல அனுப்பின?” என்று கேட்டார்.

“உங்களுக்கு வேண்டியதத்தான்.”

“உப்புல அந்தம்மா அவசரமா விடும். இது நிதானமா இருக்குது. கிருஷ்ணப்பன் ரூம்ல ஏசி சத்தம் விழும். இதுல இல்ல. அப்ப நம்ம கொட்டாயிலதான் எடுத்திருக்கணும். வூட்டுல உன்னத் தவிர ஆளில்ல.” ஒரு டேங்கர் லாரிக்கு வழிவிட்டு ஒதுங்கினார். “நீயா அது?”

அவள் காத்திருந்த சொல் அதுதான். ஆனால் அது காது வழியாக வரவில்லை. கணக்குப் போட்டு வந்தது.

“ஆமாங்க” என்றாள்.

வெகுதூரம் போன பிறகு அவர் கேட்டார்: “எந்த மைக்கு?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதற்குள் அவருடைய ஃபோன் அடித்தது. அமுதவல்லி. ஜோஸ்பினே எடுத்தாள். அமுதவல்லி வணக்கம் வைக்காமல், என் பேரில் கைதட்டு வாங்கின ஆள் யாரென்று சாருக்குத் தெரிந்ததா என்று கேட்டாள். நான்தானம்மா என்றாள் ஜோஸ்பின்.

“டீச்சருங்களா?” என்றாள் அமுதவல்லி. “நல்லாத்தான் உட்டீங்க. ஆனா எம்பேர எடுக்கச் சொல்லுங்க. அத்தன சனமும் உங்களுதுக்கு அழுவுது, நான் சால்வையப் போத்திக்கிட்டுக் குத்துக்கல்லாட்டம் நிக்கறன். வயிறு பத்திக்கிட்டு வந்துருச்சுங்க.”

அந்த நிமிஷம் ஜோஸ்பினுக்கு அமுதவல்லியைப் பிடித்துப்போயிற்று. வயிறு பற்றிக்கொண்டு வருவது எப்படியிருக்கும் என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பேரைக் கட்டாயம் மாற்றச் சொல்வதாக வாக்குக் கொடுத்தாள்.

அருள்நாதன் இதற்குள் வேறெங்கோ போய்விட்டிருந்தார். நாளைக்குப் பூசை முடிந்ததும் கொட்டகையில் உட்காரலாம் என்றார். உன்னை வைத்தே முழுசாக ஒன்று, உன் பெயரிலேயே, முதலில் வாசகம் வாசிப்பதை எடுப்போம், அப்புறம் தையல் மிஷின் மிதிக்கும்போது, அப்புறம் தூங்கும்போது என்று அடுக்கிக்கொண்டே போனார். இருபது வருஷத்துக்கு முன்னால் இதில் பாதி சொல்லியிருந்தாலும் அவள் அங்கேயே இறங்கி முழங்கால் போட்டிருப்பாள்.

“வேணாங்க” என்றாள்.

“ஏன்?”

“என்ன உக்காரவச்சு, இது ஜோஸ்பின்னு எழுதிவச்சு எடுத்தா, யாருக்கும்தான் தெரியும். நான் எங்க இருக்கன்னு இனிமே சொல்லமாட்டன். ஹார்ட் டிஸ்க்குல ஏத்தறது நான்தான. மோட்டார்லயும் இருப்பன், தொப்பூர்லயும் இருப்பன், அந்தம்மா வெங்காயத்துலயும் இருப்பன். நீங்களே கேட்டுக் கண்டுபுடிங்க.”

விளையாட்டு என்று நினைத்து அவர் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

இனி நடக்கும் நிகழ்ச்சிகளுக்கான குறிப்பில் கடைசி மூச்சுக்குப் பெயரை மாற்றி அச்சடித்தார். அடுத்த வாரத்திலிருந்து சனிக்கிழமைகளில் வெங்காய ஆட்டோ வந்தால் ஜன்னலைத் திறக்க ஆளில்லை. அவர் கொட்டகையில் இருந்தார். பழைய பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்து, கல் உடைகிற சத்தத்துக்குள்ளும் மோட்டார் இரைச்சலுக்குள்ளும் ஒரு பெண்ணின் மூச்சைத் தேடிக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் கையைக் காட்டி அடக்குவார்.

ஒரு மத்தியானம் தலை கலைந்து வெளியே வந்தார். “கல்குவாரியில, லாரி திரும்பறதுக்கு முன்னாடி ஒண்ணு வருது. நீதானே?”

ஜோஸ்பின் முறத்தில் துவரம்பருப்பைப் புடைத்துக்கொண்டிருந்தாள். கல்குவாரியில் அவள் எதையும் வைக்கவில்லை. எங்கேயுமே வைக்கவில்லை.

“நல்லாக் கேட்டுட்டுச் சொல்லுங்க” என்றாள்.

அவர் திரும்பவும் உள்ளே போனார்.